புற்றுநோய்க்கு மரபணு மருந்து: ஐதராபாத்தின் கொழுப்புத் துகள்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

புற்றுநோய் மரபணுவில் தொடங்கும் நோய். ஒரு செல் எப்போது பிளவுபட வேண்டும், எப்போது நிற்க வேண்டும், பழுதாகிவிட்டால் எப்போது தன்னைத் தானே முடித்துக்கொள்ள வேண்டும் என்பவற்றை டி.என்.ஏ.வில் உள்ள கட்டளைகள் தீர்மானிக்கின்றன. அவற்றில் சில கெட்டுப்போனால் செல் அடங்காமல் பெருகுகிறது. ஆனால் இந்நோய்க்குத் தரப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை அந்தக் கட்டளைகளைத் திருத்துவதே இல்லை. கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பிளவுபடும் செல் எதுவானாலும் தாக்குகின்றன; தலைமுடியும் குடலின் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும் கட்டியோடு சேர்ந்து அடிபடுவது அதனால்தான். பிற்காலத்தில் வந்த இலக்கு மருந்துகள் கெட்டுப்போன புரதத்தில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கின்றன. ஒட்டிக்கொள்ளத் தோதான குழிவு அந்தப் புரதத்தில் இருக்க வேண்டும். கணையப் புற்றில் பெரும்பாலும் பழுதாகிக் கிடக்கும் கே-ராஸ் புரதத்தில் அப்படி ஓர் இடமே இல்லை என்று பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. அப்புரதத்தின் ஒரு வகைத் திரிபுக்கான முதல் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 2021-இல்; அதுவும் நுரையீரல் புற்றுக்கு. பி53 போன்ற காவல் புரதம் அடியோடு இல்லாமல் போன செல்லில் மருந்து ஒட்டிக்கொள்ளவே எதுவும் இராது. அங்கே இழந்ததைத் திரும்பத் தந்தாக வேண்டும்.

மரபணு மருந்து புரதத்தை விட்டுவிட்டு, அதை உண்டாக்கும் கட்டளையில் கைவைக்கிறது. இன்று ஆய்வில் உள்ளவை பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது பிளாஸ்மிடு எனப்படும் வளைய டி.என்.ஏ.; அது செல்லின் உட்கருவுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் வேலை செய்யும். இரண்டாவது குறுக்கிடும் ஆர்.என்.ஏ. சுமார் 21 எழுத்துகள் நீளமுள்ள இரட்டை இழைத் துண்டான இது, தனக்கு இணையான தூது ஆர்.என்.ஏ.வைச் செல்லே வெட்டிப்போடும்படி செய்துவிடுகிறது. ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998-இல் புழுக்களில் இந்த இயக்கத்தை விளக்கினார்கள். 2006-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மூன்றாவது தூது ஆர்.என்.ஏ., அதாவது எம்.ஆர்.என்.ஏ. இதற்கு உட்கருவுக்குள் நுழைய வேண்டிய தேவை இல்லை. செல்லின் திரவப் பகுதிக்குள் வந்தாலே ரைபோசோம்கள் அதைப் படித்துப் புரதம் செய்யத் தொடங்கிவிடும். சில நாட்களில் அது சிதைந்து மறைந்துவிடும். மருந்தாக இது பாதுகாப்பானது என்று கருதப்படுவதற்கு இந்த மறைவும் ஒரு காரணம்.

இம்மருந்துகளை வடிவமைப்பது இன்று பெரிய காரியமல்ல. எந்த எழுத்து வரிசை வேண்டும் என்று தெரிந்துவிட்டால் சில வாரங்களில் ஆய்வகத்தில் செய்துவிடலாம். கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. வெறும் ஆர்.என்.ஏ.வை ரத்தத்தில் செலுத்தினால் அங்குள்ள நொதிகள் சில நிமிடங்களில் அதைத் துண்டாக்கிவிடும். சிறு துண்டுகளைச் சிறுநீரகம் வடித்து வெளியேற்றிவிடும். தப்பிப் பிழைத்தது செல்லின் வாசலை எட்டினாலும் உள்ளே போகாது. ஆர்.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம், செல்சவ்வின் வெளிப்புறத்துக்கும் எதிர்மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளிவிடும். இந்தத் துறையின் நாற்பதாண்டு வரலாறு பெருமளவு சுமப்பானைத் தேடிய வரலாறு. ஐதராபாத்துக்கு அதில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைத் தமிழ் வாசகர்கள் மட்டுமல்ல, அந்நகரத்தாரே போதிய அளவு அறிந்திருக்கவில்லை.

முதலில் கைகொடுத்தவை வைரஸ்கள். செல்லுக்குள் மரபணுவைச் செலுத்துவது அவற்றின் பிறவித் தொழில். பி53 மரபணுவை அடினோவைரஸில் ஏற்றிய ஜென்டிசின் என்ற மருந்துக்குச் சீனா 2003-இல் ஒப்புதல் தந்தது. ஆனால் உடலின் தடுப்பாற்றல் வைரஸை நினைவில் வைத்துக்கொள்ளும்; அடுத்தடுத்த ஊசிகள் பலனின்றிப் போகும். வைரஸில் ஏற்றக்கூடிய மரபணுவின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. தயாரிப்புச் செலவும் அதிகம். இதற்கு மாற்று வழியை அமெரிக்காவின் ஃபிலிப் ஃபெல்க்னர் குழு 1987-இல் காட்டியது. டோட்மா என்ற நேர்மின்னூட்டம் கொண்ட கொழுப்பு மூலக்கூறை அவர்கள் செயற்கையாகச் செய்தார்கள். அதில் உருவான நுண்குமிழ்களோடு டி.என்.ஏ.வைக் கலந்தால், எதிரெதிர் மின்னூட்டத்தால் இரண்டும் தாமாகவே ஒட்டிச் சுருண்டு துகளாகின. அத்துகள் செல்லுக்குள் நுழைந்தது. வைரஸ் இல்லாமல், வெறும் வேதிப்பொருளைக் கொண்டு மரபணுவை ஏற்ற முடியும் என்பது அன்று பெரும் செய்தி.

ஐதராபாத்தின் உப்பல் சாலையில் தார்நாகா பக்கம் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனம் (ஐ.ஐ.சி.டி.) இருக்கிறது. சற்று தூரத்தில், ஹப்சிகூடாவில், செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் (சி.சி.எம்.பி.). முன்னது நிஜாம் ஆட்சியில் 1944-இல் தொடங்கிய ஆய்வுக்கூடத்திலிருந்து வளர்ந்தது, 1956-இல் மத்திய அரசின் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் வட்டார ஆய்வுக்கூடமாகி, 1989-இல் இன்றைய பெயரைப் பெற்றது. நிலக்கடலையும் ஆமணக்கும் பருத்திவிதையும் விளையும் தக்காணத்தில் அமைந்த ஆய்வுக்கூடம் என்பதால் எண்ணெயும் கொழுப்பும் தொடக்கத்திலிருந்தே அதன் தனித்துறை. இந்திய உணவின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற கே.டி. அச்சயா இங்கே எண்ணெய் வேதியியலாளராக நெடுங்காலம் பணியாற்றியவர். சி.சி.எம்.பி.யும் இதே வளாகத்தின் வயிற்றில் பிறந்ததுதான்: புஷ்ப மித்ர பார்கவாவின் முயற்சியால் 1977-இல் தனி மையமாக உருவெடுத்தது. கொழுப்பைச் செய்யத் தெரிந்தவர்களும் செல்லை வளர்க்கத் தெரிந்தவர்களும் ஒரே சாலையில் இருந்தார்கள். அந்த அண்மை வீண்போகவில்லை.

ஐ.ஐ.சி.டி.யின் கொழுப்பு அறிவியல் பிரிவில் அரபிந்த சௌதுரியும் ராஜ்குமார் பானர்ஜியும், சி.சி.எம்.பி.யில் என். மதுசூதன ராவும் சேர்ந்து செய்த ஆய்வு 1999-இல் அமெரிக்காவின் மருத்துவ வேதியியல் இதழில் வெளிவந்தது. அதன் நுட்பம் கவனிக்கத்தக்கது. இவ்வகைக் கொழுப்பு மூலக்கூறுக்கு மூன்று பகுதிகள்: நேர்மின்னூட்டம் தாங்கிய தலை, எண்ணெய்த் தன்மையுள்ள இரண்டு நீண்ட வால்கள், இரண்டையும் இணைக்கும் கழுத்து. அதுவரை புகழ்பெற்ற மூலக்கூறுகளில் கழுத்துப் பகுதி கிளிசரால் வடிவில் இருந்தது. உடலின் இயற்கைக் கொழுப்புகளும் அப்படித்தான். ஐதராபாத் குழு கிளிசராலையே நீக்கியது. வால்களை நைட்ரஜன் தலையில் நேரடியாகப் பிணைத்து, தலையில் ஹைட்ராக்சிஎத்தில் தொகுதிகளை வைத்தது. செய்முறை குறுகியது, பலனும் குறையவில்லை. இத்தகைய மூலக்கூறுகளைச் சோதிக்கும் விதம் பார்க்க அழகானது. வளர்ப்புத் தட்டில் உள்ள செல்களுக்குள் ஒரு பாக்டீரியா நொதிக்கான மரபணுவைக் கொழுப்போடு சேர்த்துச் செலுத்துவார்கள். மரபணு உள்ளே போய் வேலை செய்தால் நொதி உண்டாகும்; பிறகு அதற்குரிய சாயப்பொருளை விட்டால் அந்தச் செல் மட்டும் நீலமாகும். நிறமற்ற செல்களுக்கு நடுவே எத்தனை நீலச் செல்கள் என்பதுதான் மதிப்பெண். வாலில் இரண்டு கார்பன் கூடினாலோ தலையில் ஒரு தொகுதி இடம் மாறினாலோ அந்த நீலம் பெருகும், அல்லது மறைந்தே போகும். மூலக்கூறுக்குப் பின் மூலக்கூறாக இதைச் செய்து விதிகளைக் கண்டறிவதில் ஆண்டுகள் கழிந்தன. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் சந்தனு பட்டாச்சார்யாவின் குழுவும் கொலஸ்டிராலை அடிப்படையாகக் கொண்டு இதே காலத்தில் இத்தகைய வேலையில் இருந்தது.

துகள் செல்லுக்குள் போவதோடு பயணம் முடிவதில்லை. செல் அதை விழுங்கும்போது தன் சவ்வின் ஒரு பகுதியால் பொதிந்து, எண்டோசோம் என்ற சிறு பையாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பைக்குள் அமிலத்தன்மை படிப்படியாக ஏறும். கடைசியில் பை செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோமோடு கலக்கும். அதற்குள் மருந்து தப்பி வெளியே வந்தாக வேண்டும். மிகச் சிறந்த துகள்களிலும் ஏற்றிய குறுக்கிடும் ஆர்.என்.ஏ.வில் 1 முதல் 2% மட்டுமே அப்படித் தப்புகிறது என்று 2013-இல் ஒரு விரிவான அளவீடு காட்டியது. சௌதுரி குழுவினர் பிரான்சின் ஓர்லியான் நகர ஆய்வாளர்களோடு சேர்ந்து 2003, 2004-இல் இந்தக் கண்ணியைக் குறிவைத்தார்கள். கொழுப்பின் தலையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பொருத்தினார்கள். ஹிஸ்டிடின் நடுநிலையான ரத்தத்தில் பெரும்பாலும் மின்னூட்டமின்றி இருக்கும். எண்டோசோமின் இளம் அமிலத்தில் புரோட்டானை ஏற்று நேர்மின்னூட்டம் பெறும். அப்போது துகளின் கொழுப்பு பையின் சவ்வோடு இணைந்து வழி திறக்கும். தலையில் ஒரே ஒரு ஹிஸ்டிடின் இருந்தாலே போதும் என்று அவர்கள் காட்டினார்கள். அமிலத்தைக் கண்டால் மட்டும் மின்னூட்டம் பெறும் கொழுப்பு என்ற கருத்து பின்னாளில் உலகத்தையே தொட்ட கோவிட் தடுப்பூசிகளின் உயிர்நாடி ஆனது. ஐதராபாத்தின் மூலக்கூறுகளும் அந்தத் தடுப்பூசி மூலக்கூறுகளும் வேறுவேறு. ஒன்றிலிருந்து மற்றது வரவில்லை. ஆயினும் சிக்கலின் மையத்தை இந்நகரம் அன்றே சரியாக அடையாளம் கண்டிருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த கேள்வி, துகள் புற்றுச் செல்லை மட்டும் எப்படித் தேர்ந்தெடுக்கும்? பானர்ஜியின் குழு இதற்கு எதிர்பாராத இடங்களில் விடை தேடியது. ஹாலோபெரிடால் என்பது மனநோய்க்குத் தரப்படும் பழைய மருந்து. அது சிக்மா ஏற்பிகளில் ஒட்டும். அந்த ஏற்பிகள் மார்பகப் புற்றுச் செல்களில் மிகுதியாக இருக்கின்றன. ஹாலோபெரிடாலைத் துகளின் மேற்பரப்பில் பொருத்தியபோது, மார்பகப் புற்றுச் செல்களுக்குள் மரபணு பல மடங்கு கூடுதலாக நுழைந்தது. மதுசூதன ராவும் பங்கேற்ற இந்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. 2009-இல் வந்தது இன்னும் வியப்பானது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒட்டும் ஏற்பி உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உண்டு. அப்படியானால் அந்த ஸ்டீராய்டைச் சேர்த்த துகள் எல்லாச் செல்லிலும் வேலை செய்ய வேண்டும். செய்யவில்லை. புற்றுச் செல்களில் மட்டும் மரபணு வெளிப்பட்டது. இயல்பான செல்களில் இல்லை. புற்றுச் செல்லில் அந்த ஏற்பி நடந்துகொள்ளும் விதமே மாறியிருக்கிறது என்று குழு விளக்கம் தந்தது. பின்னர் புற்றுச் செல்லின் பல புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் ஹெச்.எஸ்.பி.90 என்ற துணைப்புரதத்தை ஒடுக்கும் மரபணுத் துண்டை இதே துகளில் ஏற்றி, எலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைவதை 2013-இல் காட்டினார்கள்.

சௌதுரி குழு வேறொரு பக்கம் திரும்பியது. கட்டியை நேரடியாகத் தேடிப் போகாமல், தடுப்பாற்றல் மண்டலத்தின் காவலர்களான டென்ட்ரைட்டிக் செல்களிடம் கட்டியின் அடையாளத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்கள் எண்ணம். இச்செல்களின் மேற்பரப்பில் மேனோஸ் என்ற சர்க்கரையை இனம்காணும் ஏற்பி இருக்கிறது. மேனோஸைப் போலவே தோன்றும் ஷிக்கிமிக் அமிலத்தின் வடிவத்தைக் கொழுப்பின் தலையில் வைத்தார்கள். பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவில் மிகுதியாக இருக்கும் அமிலம்தான் அது. உண்மையான மேனோஸ் தலையைவிட ஷிக்கிமிக் தலை சிறந்த பலன் தருவதாக 2010-இல் அறிவித்தார்கள். 2016-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அதுவரை டென்ட்ரைட்டிக் செல்களை உடலிலிருந்து எடுத்து, வெளியே வைத்து மரபணுவைச் செலுத்தி, மீண்டும் உடலில் ஏற்றும் வழியே பெரிதும் நடப்பில் இருந்தது. செலவும் உழைப்பும் மிக்க வழி அது. அந்தச் சுற்றுவழியை விட்டு, துகளை நேராக எலியின் உடலில் ஊசியாகச் செலுத்தியே மெலனோமா என்ற தோல் புற்றுக்கு எதிராக நீண்டநாள் நிலைத்த தடுப்பாற்றலை எழுப்பினார்கள்.

இவை எல்லாம் செல்லிலும் எலியிலும் நடந்தவை. இதே காலத்தில் மேலை நாடுகளில் மனித உடலில் முயற்சிகள் தொடங்கியிருந்தன. அங்கே ஒரு சிக்கல்: நிரந்தர நேர்மின்னூட்டம் உள்ள துகள் ரத்தத்தில் சென்றதும் ரத்தப் புரதங்கள் அதில் மொய்த்துக்கொள்ளும். நுரையீரலின் நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளும். செல்களுக்கு நச்சாகவும் ஆகும். கனடாவின் பீட்டர் கலிஸும் சகாக்களும் இதற்கு விடையாக அயனியாகும் கொழுப்பை உருவாக்கினார்கள். இன்றைய துகளில் நான்கு கொழுப்புகள் உண்டு: அயனியாகும் கொழுப்பு ஏறக்குறைய பாதி, கொலஸ்டிரால் 38 முதல் 40%, பாஸ்போலிப்பிடு சுமார் 10%, ஒன்றரை விழுக்காட்டளவில் பாலிஎத்திலீன் கிளைக்கால் ஒட்டிய கொழுப்பு. செய்முறை எளிமையாகத் தோன்றும். கொழுப்புகளை எத்தனாலில் கரைத்து ஒரு குழாயிலும், ஆர்.என்.ஏ.வை அமிலத்தன்மை உள்ள நீர்க்கரைசலில் கலந்து மற்றொரு குழாயிலும் வேகமாகப் பாய்ச்சி, இரண்டும் ஒரு நுண்ணிய சந்தியில் மோதும்படி செய்வார்கள். அந்த அமிலத்தில் கொழுப்பு மின்னூட்டம் பெற்று ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும், எத்தனால் நீர்த்துப்போனதும் மற்றக் கொழுப்புகள் சுற்றி மூடிக்கொள்ளும். பிறகு எத்தனாலை அகற்றி அமிலத்தை நடுநிலையாக்கினால் வெளிப்புறம் மின்னூட்டமற்ற துகள் கிடைக்கும். குறுக்களவு 80 முதல் 100 நானோமீட்டர். ஒரு தலைமயிரின் அகலத்தில் ஏறக்குறைய ஆயிரம் துகள்களை அடுக்கலாம். வேகம் சற்றுக் குறைந்தாலும் துகளின் அளவு மாறிவிடும். அளவு மாறினால் உடலில் அது போகுமிடமும் மாறிவிடும். இந்த வழியில் வந்த முதல் குறுக்கிடும் ஆர்.என்.ஏ. மருந்து பாட்டிசிரான், 2018 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது புற்றுநோய்க்கானதல்ல, கல்லீரல் செய்யும் ஒரு புரதத்தால் வரும் பரம்பரை நரம்பு நோய்க்கானது.

கல்லீரல் என்பது இங்கே தற்செயல் அல்ல. துகள் ரத்தத்தில் போகும்போது அபோ-இ என்ற புரதம் அதன்மேல் படிகிறது. கொலஸ்டிரால் துகள் என்று எண்ணிக் கல்லீரல் அதை எடுத்துக்கொள்கிறது. கல்லீரல் நோய்க்கு இது வரம். நுரையீரலிலோ கணையத்திலோ உள்ள கட்டிக்கு இதுவே தடை. கட்டிகளின் ரத்தக்குழாய்கள் ஓட்டை மிக்கவை, நானோ துகள்கள் அதன்வழி கசிந்து கட்டியில் தேங்கும் என்று ஜப்பானின் மட்சுமுராவும் மயேதாவும் 1986-இல் சொன்னார்கள். துறை முழுவதும் அந்த நம்பிக்கையில் இயங்கியது. 2016-இல் முந்தைய பத்தாண்டின் ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, செலுத்திய துகள்களில் கட்டியைச் சேர்வது இடைநிலை மதிப்பில் 0.7% என்று தெரிந்தது. எலியில் கட்டி வேகமாக வளரும், குழாய்கள் அதிகம் ஒழுகும். மனிதரில் அப்படி இல்லை. எலியில் கிடைக்கும் வெற்றிச் செய்திகளைப் படிக்கும்போது இந்த எண்ணை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

மனிதரில் நடந்த நேரடி முயற்சிகள் இந்தப் பாதையின் கடினத்துக்குச் சான்று. அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் மார்க் டேவிஸ் குழு 2010-இல் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டது. மெலனோமா நோயாளிகளுக்கு சிரைவழி ஊசியாகத் தந்த துகள்கள் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தன. உள்ளே இருந்த குறுக்கிடும் ஆர்.என்.ஏ. தன் இலக்கை வெட்டியதற்கான தடயமும் கட்டித் திசுவில் கிடைத்தது. மனிதரில் இது நடக்கும் என்பதற்கு அதுவே முதல் சான்று. ஆனால் அந்த மருந்து சந்தைக்கு வரவில்லை. கல்லீரலில் பரவிய புற்றுக்கு இரண்டு மரபணுக்களை ஒரே துகளால் ஒடுக்கிய ஆல்நைலம் நிறுவனத்தின் ஆய்வு 41 நோயாளிகளில் நடந்தது. கருப்பைப் புற்றுள்ள ஒருவருக்குக் கட்டி முழுவதும் மறைந்தது. ஆயினும் மருந்து மேலே செல்லவில்லை. எம்.ஆர்.எக்ஸ்.34 என்ற நுண் ஆர்.என்.ஏ. மருந்தின் ஆய்வு, தடுப்பாற்றல் கட்டுமீறிய கடும் பாதிப்புகளால் 2016-இல் நிறுத்தப்பட்டது. ஆர்.என்.ஏ.வை வைரஸின் வருகையாக எண்ணி உடல் கொதித்தெழுவதே இத்தகைய பாதிப்புக்கு அஞ்சவேண்டிய காரணம். அந்தக் கொதிப்பைத் தணிக்க, யூரிடினுக்குப் பதில் சூடோயூரிடினைப் பயன்படுத்தலாம் என்று கதலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-இல் கண்டறிந்தார்கள். 2023-இல் அவர்களுக்கு நோபல் பரிசு வந்தது.

புற்றுநோயில் பெரும் திருப்பம் வந்தது இந்தக் கொதிப்பையே பயன்படுத்திக்கொண்டபோது. ஒவ்வொரு புற்றுச் செல்லையும் துகள் எட்டவேண்டும் என்ற நிபந்தனை இருக்கும்வரை 0.7% ஒரு சுவர். தடுப்பாற்றலைப் பழக்கிவிட்டால் அந்த நிபந்தனை தளர்ந்துவிடும். சில டென்ட்ரைட்டிக் செல்கள் செய்தி பெற்றால் போதும், அவை தாக்கும் வெள்ளணுக்களான டி செல்களைத் திரட்டும், டி செல்கள் உடல் முழுதும் தேடிப் போகும். ஜெர்மனியின் பயோன்டெக் குழு 2016-இல் காட்டிய வழி இது. துகளில் ஆர்.என்.ஏ.வின் பங்கைச் சற்றே கூட்டி மொத்த மின்னூட்டத்தை இலேசாக எதிர்ப்பக்கம் சாய்த்தார்கள். துகள் நுரையீரலை விட்டு மண்ணீரலுக்குப் போனது. டென்ட்ரைட்டிக் செல்கள் குழுமியிருக்கும் இடம் அது. அவர்கள் பயன்படுத்திய கொழுப்பு எது என்பதுதான் ஐதராபாத்துக்கு முக்கியம்: ஃபெல்க்னரின் அதே டோட்மா. நிரந்தர மின்னூட்டம் உள்ள பழைய குடும்பம், காலாவதியாகிவிட்டது என்று பலர் ஒதுக்கிய குடும்பம், புற்றுநோய்த் தடுப்பூசியில் மறுவாழ்வு பெற்றது. ஐ.ஐ.சி.டி. இருபதாண்டுகள் உழைத்த குடும்பமும் அதுவே. டென்ட்ரைட்டிக் செல்லைக் குறிவைத்து நேராக உடலில் ஊசி போடும் எண்ணமும் இரண்டு இடத்திலும் ஒரே ஆண்டில் அச்சேறியது. ஒன்று எலியோடு நின்றது. மற்றது நோயாளியை அடைந்தது. அறிவில் இருந்த இடைவெளி அல்ல இது. மருந்துத் தரத்தில் தயாரிக்கவும் முதல் மனித ஆய்வை நடத்தவும் வேண்டிய பணமும் பொறுமையும் ஒரு பக்கம் இருந்தன, மறுபக்கம் இல்லை.

நோயாளியை அடைந்த வழியை அருகில் சென்று பார்க்கலாம். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் வினோத் பாலச்சந்திரன் தலைமையில் கணையப் புற்று நோயாளிகள் 16 பேருக்குத் தடுப்பூசி தரப்பட்டது. முதலில் அறுவை சிகிச்சையால் கட்டி அகற்றப்படும். அந்தத் திசு ஜெர்மனிக்குப் போகும். கட்டியின் டி.என்.ஏ.வையும் நோயாளியின் இயல்பான டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டு, கட்டியில் மட்டும் உள்ள திரிபுகளைப் பட்டியலிடுவார்கள். அவற்றில் எவை அந்த நோயாளியின் டி செல்களின் கண்ணில் படக்கூடியவை என்று கணித்து, 20 வரை தேர்ந்தெடுத்து, ஆர்.என்.ஏ.வாக எழுதித் துகளில் ஏற்றுவார்கள். அறுவைக்குப் பின் 9-ஆவது வார அளவில் முதல் ஊசி. உலகில் அந்த ஒருவருக்கு மட்டுமான மருந்து அது. இதில் யூரிடின் மாற்றப்படவில்லை. உடல் இலேசாகக் கொதிப்பது இங்கே தேவை. 2023 மே மாதம் வெளிவந்த முடிவில், 16 பேரில் 8 பேருக்கு வலுவான டி செல் எதிர்வினை தோன்றியிருந்தது. 18 மாத இடைநிலைக் கண்காணிப்பில் அந்த எட்டுப் பேரிடையே நோய் மீளும் இடைநிலைக் காலம் அதுவரை எட்டப்பட்டிருக்கவில்லை. எதிர்வினை தோன்றாதவர்களுக்கு அது 13.4 மாதம். மிகச் சிறிய எண்ணிக்கை. ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. கணையப் புற்றின் கொடுமையை அறிந்தவர்களுக்கு இது சிறிய செய்தியும் அல்ல. மாடர்னாவும் மெர்க்கும் மெலனோமா நோயாளிகள் 157 பேரில் நடத்திய ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இருந்தது. பெம்புரோலிசுமாப் மருந்தோடு, 34 திரிபுகள் வரை தாங்கிய தடுப்பூசியும் பெற்றவர்களுக்கு நோய் மீளும் அல்லது இறக்கும் அபாயம் 44% குறைந்ததாக 2022 டிசம்பரில் அறிவித்தார்கள். ஏறக்குறைய மூன்றாண்டுக் கண்காணிப்பில் அது 49% ஆனது. பெரிய அளவிலான மூன்றாம் கட்ட ஆய்வு 2023-இல் தொடங்கியது.

ஐதராபாத்தில் 2022 மே மாதம் ஓர் அறிவிப்பு வந்தது. சி.சி.எம்.பி. வளாகத்தில் உள்ள அடல் தொழில்வளர் மையம், கோவிட் கூர்ப்புரதத்துக்கான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியை வெளித் தொழில்நுட்பம் பெறாமல் உள்நாட்டிலேயே உருவாக்கி, எலிகளில் நல்ல எதிர்ப்பாற்றல் எழுந்ததைக் காட்டியது. அந்த மையத்தின் தலைமையில் இருந்தவர் 1999-இன் அதே மதுசூதன ராவ். கோவிட் தடுப்பூசியாக அது மக்களை அடையாவிட்டாலும், ஆர்.என்.ஏ.வை எழுதுவது, துகளில் ஏற்றுவது, சோதிப்பது ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் கைவந்தன. அடுத்த மாதமே புனேயின் ஜென்னோவா நிறுவனத்தின் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி இந்திய அரசின் அவசரகால ஒப்புதல் பெற்றது. உலர்த்திய தூளாக, சாதாரண குளிர்பெட்டியின் 2 முதல் 8 டிகிரியில் வைக்கக்கூடியது அது. ஆழ் உறைநிலைப் பெட்டிகள் இல்லாத மாவட்ட மருத்துவமனைகளுக்கு இதன் அருமை தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் எம்.ஆர்.என்.ஏ. தொழில்நுட்பப் பகிர்வுத் திட்டத்தில் ஐதராபாத்தின் பயலாஜிக்கல் இ நிறுவனமும் 2022-இல் சேர்க்கப்பட்டது. ஷாமீர்பேட்டை ஜீனோம் பள்ளத்தாக்கில் தடுப்பூசி ஆலைகள் ஏற்கெனவே இயங்குகின்றன.

தனிநபர்த் தடுப்பூசி இந்தியாவுக்கு உடனே பொருந்துமா என்பது வேறு கேள்வி. அது அறுவையில் கட்டி நீக்கப்பட்டு, உடலில் நோய் மிகக் குறைவாக இருக்கும் நிலையில்தான் நன்றாக வேலை செய்கிறது. இங்கே நோயாளிகளில் பெரும்பகுதியினர் அறுவைக்கான கட்டம் தாண்டிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் கட்டித் திசுவைக் கெடாமல் உறையவைப்பது, மரபணு வரிசையைப் படிப்பது, தனியாக ஒரு மருந்தைத் தயாரிப்பது என்று செலவும் ஏறும். எந்தத் திரிபு டி செல்லின் கண்ணில் படும் என்று கணிக்கும் மென்பொருள்கள் பெரிதும் ஐரோப்பிய வம்சாவளியினரின் திசுவகைத் தரவில் பழக்கப்பட்டவை. இந்திய மக்களின் திசுவகைகள் அவற்றில் போதிய அளவு இல்லை. இந்த மூன்றாவது குறையை இங்குள்ளவர்களே தீர்த்துக்கொள்ள வேண்டும்; வேறு யாரும் தீர்த்துத் தரமாட்டார்கள்.

அதனால் எல்லா நோயாளிக்கும் பொதுவான அடையாளம் உள்ள புற்றுகளில் தொடங்குவதே இந்தியாவுக்கு ஏற்ற வழி. இந்தியப் பெண்களிடையே இரண்டாவதாக அதிகம் காணப்படும் கருப்பை வாய்ப் புற்று அத்தகையது. அதை உண்டாக்குவது ஹெச்.பி.வி. வைரஸ், பெரும்பாலும் அதன் 16, 18-ஆம் வகைகள். அந்த வைரஸின் இ6, இ7 என்ற இரு புரதங்கள் செல்லின் காவல் புரதங்களை முடக்கியே புற்றை வளர்க்கின்றன. அவை இல்லாமல் அச்செல் வாழாது. ஆகவே தப்பிக்க அவற்றைக் கைவிடவும் அதனால் முடியாது. இ6, இ7-க்கான ஆர்.என்.ஏ.வை ஒருமுறை எழுதினால் எல்லா நோயாளிக்கும் அதே மருந்து. 16-ஆம் வகையால் வரும் தலை, கழுத்துப் புற்றுக்கு இப்படி ஒரு மருந்தைப் பயோன்டெக் மனித ஆய்வில் சோதித்து வருகிறது. நோய் வராமல் காக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி வேறு, இது நோய் வந்தவருக்கான சிகிச்சை.

புற்றுச் செல்லை இனம்காணும் மரபணு ஏற்றப்பட்ட டி செல்களான கார்-டி செல்களை உடலுக்குள்ளேயே உருவாக்குவது மற்றொரு வழி. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. அதில் நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து, வைரஸால் மரபணு ஏற்றி, பெருக்கி, மீண்டும் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் கோடிகளில் செல்லும் செலவு இங்கே லட்சங்களில் முடிகிறது. ஆயினும் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத தொகைதான். டி செல்லை இனம்காணும் எதிர்ப்பொருளைக் கொழுப்புத் துகளின் மேல் ஒட்டி, கார் மரபணுவை எம்.ஆர்.என்.ஏ.வாக ஏற்றி ஊசியாகச் செலுத்தினால், இந்த வெளிவேலை முழுவதும் மிச்சமாகும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2022-இல் எலியின் இதயத் தழும்பைக் குறைக்க இதைச் செய்து காட்டினார்கள். ரத்தப் புற்றுக்கும் அதே முறை முயலப்படுகிறது.

இந்தியாவில் இத்தகைய மருந்துக்கான ஒழுங்குமுறை தயாராகவே இருக்கிறது. புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகளுக்கான விதிகள் 2019-இல் வந்தன. மரபணு சிகிச்சைப் பொருள்களுக்கான தேசிய வழிகாட்டு நெறிகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்து அதே ஆண்டில் வெளியிட்டன. அவற்றின்படி, ஆய்வகத்தில் நீலச் செல்களைத் தந்த கொழுப்பு ஒன்று நோயாளியை அடைய வேண்டுமானால், முதலில் அது மருந்துத் தரத் தயாரிப்பு நெறிகளின்படி ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே தூய்மையில் செய்யப்பட வேண்டும். இரண்டு வகை விலங்குகளில் நச்சுத்தன்மை சோதிக்கப்பட வேண்டும். துகள் எந்த உறுப்பில் எவ்வளவு தங்குகிறது, எத்தனை நாளில் வெளியேறுகிறது என்று காட்ட வேண்டும். அதன் பின்னரே நெறிக்குழுவின் ஒப்புதலோடு, சில நோயாளிகளில் மிகக் குறைந்த அளவில் முதல் ஊசி. கொழுப்பு உப்பல் சாலையிலும், ஆலை ஷாமீர்பேட்டையிலும், நோயாளிகள் ரெட் ஹில்ஸின் எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனையிலும் பஞ்சாரா ஹில்ஸின் பசவதாரகம் மருத்துவமனையிலும் இருக்கும் நகரத்தில், இந்தப் படிகள் அனைத்தையும் ஊர் எல்லை தாண்டாமலே ஏற முடியும்.